மஞ்சள் குஞ்சு என்ன நிறக் கோழியாகும்?



பள்ளிபாளையம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், புதிதாகப் பொரித்த குஞ்சுகளைப் படம் எடுத்து அனுப்பி, "டீச்சர், இதுல எது என்ன நிறமா வரும்னு இப்பவே சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். ஓரளவு முடியும். அந்த ஓரளவுக்குப் பின்னால் நூற்றிருபது வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அடை வைத்துக் குஞ்சு இறக்கிய நம் அம்மாயிமாருக்கு இதில் பாதி தெரியும். முதுகு கருத்து, வயிறும் தொண்டையும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் கருங்கோழிதான். வெளுத்த வயிற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. வளர வளரக் கருப்பு மூடிக்கொள்ளும். அணிலுக்கு இருப்பதுபோல முதுகில் கோடு ஓடும் குஞ்சு, காட்டுக்கோழியின் பழைய வேஷத்தில் பிறந்தது. அது பெட்டையானால் சருகு நிறம், சேவலானால் செவப்பும் கருப்பும் மின்னும். ஒரே மாதிரிக் குஞ்சு, இரண்டு விதமான கோழி! மஞ்சள் குஞ்சுதான் பெரிய புதிர். வெள்ளையாகவும் வரும், செவலையாகவும் வரும். பெற்றது யார் என்று தெரியாமல் மஞ்சளை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சண்டைச் சேவல் வளர்ப்பவர்களுக்கு நிறம் இன்னும் முக்கியம். காகம், மயில், கீரி, வல்லூறு என்று நிறத்தை வைத்தே பெயர். ஆந்திராவில் குக்குட சாஸ்திரம் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்த நிறம் ஜெயிக்கும் என்று அதில் பார்ப்பார்கள். ஜெயிப்பது நிறமா, காலா என்பது வேறு விஷயம்.

இந்த அனுபவ அறிவு விஞ்ஞானமானது 1902-இல். மெண்டல் பட்டாணியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்துமா என்று இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் சோதித்தது கோழிகளை வைத்துத்தான். அவர் இணை சேர்த்த இனங்களில் ஒன்றின் பெயர் இந்தியன் கேம். நம் நாட்டு அசில் சேவலின் ரத்தத்தைக் கொண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவாக்கிய இனம் அது. பாடப் புத்தகத்தில் பட்டாணி மட்டும்தான் வரும். நம்ம ஊர்ச் சேவலின் பேரனும் அங்கே இருந்தான் என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பேட்சனோடு வேலை செய்த புன்னெட் அடுத்த அடியை வைத்தார். (பத்தாம் வகுப்பில் கட்டம் போட்டுப் படித்தீர்களே, அதே புன்னெட்.) முதல் உலகப் போரில் பிரிட்டனில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுக்கு எதற்குத் தீவனம் போட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஆனால் பிறந்த அன்று பெட்டை எது, சேவல் எது என்று எப்படித் தெரியும்? நிறத்தைக் கேட்கலாம் என்றார் புன்னெட்.

கணக்கு இதுதான். நம்மில் ஆணுக்கு எக்ஸ் ஒன்று. கோழியில் அது தலைகீழ்: சேவலுக்கு இசட் என்ற குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தாய்க்கோழி மகனுக்கு மட்டும் கொடுக்கும். மகளுக்குத் தகப்பனிடமிருந்துதான் இசட் வரும். இறகில் வெள்ளை வரி போடும் மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. ஆகவே வரி இல்லாத சேவலையும் வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், சேவல் குஞ்சுகள் தலையில் வெள்ளைப் பொட்டோடு பிறக்கும். பெட்டைக் குஞ்சுகளுக்குப் பொட்டு இருக்காது. அதேபோல செம்பழுப்பு ரோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கும் லைட் சசெக்ஸ் பெட்டைக்கும் பிறந்தால், வெளிர்க் குஞ்சு சேவல், செந்நிறக் குஞ்சு பெட்டை. மகன் தாயைக் கொள்வான், மகள் தகப்பனைக் கொள்வாள். ஜோடியை மாற்றிப் போட்டால் இந்த வித்தை பலிக்காது.

ஜப்பானில் கியோஷி மாசுயி என்ற பேராசிரியர் வேறு வழி கண்டார். குஞ்சின் கழிவாயை மெல்லத் திறந்து உள்ளே இருக்கும் சிறு முகிழைப் பார்ப்பது. 1927-இல் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியியல் மாநாட்டில் இதைச் சொன்னார்கள். அதற்கு நிறம் தேவையில்லை, பழகிய விரலும் கண்ணும் போதும்.

இப்போது நாமக்கல்லுக்கு வருவோம். நம் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழி. மற்ற நிறங்களை மறைக்கும் வலுவான வெள்ளை மரபணு அதற்கு உண்டு. குஞ்சு ஆணோ பெண்ணோ எல்லாம் ஒரே மஞ்சள். புன்னெட்டின் வித்தை இங்கே செல்லாது. அதனால் இந்த வகைக் கோழிகளில் கழிவாயைப் பார்ப்பார்கள். இல்லையென்றால், அதற்கென்றே உருவாக்கிய ரகங்களில் இறக்கையை விரித்துப் பார்ப்பார்கள்: நீள இறகு மேலிறகைத் தாண்டி வளர்ந்திருந்தால் பெட்டை.

பிரித்த பிறகு? பெட்டை பண்ணைக்குப் போகும். சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரிச் சதையும் வைக்காது. உலகின் பெரும்பாலான இடங்களில் முட்டைத் தொழிலில் அதற்குப் பிறந்த நாளே கடைசி நாள். தப்பிய சில, ரோஸும் பச்சையும் சாயம் ஏறி நம் சந்தைக்கும் தேர்க்கடைக்கும் வந்துவிடும். "டீச்சர், எங்க வீட்டுப் பச்சைக் குஞ்சு வெள்ளையாயிடுச்சு" என்று வகுப்பில் எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்! பிழைத்ததே அதிசயம். சாயம் பஞ்சில்தான் இருந்தது. புது இறகு முளைத்தபோது உள்ளே எழுதியிருந்த வெள்ளை வெளியே வந்தது. அது ஏன் பெரும்பாலும் சேவலாகவே வளர்ந்தது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

1989-இல் சத்துணவில் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் கூடி வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேடு நிறைந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் முட்டையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த முட்டையை இட்ட ஒவ்வொரு கோழிக்கும் கணக்குப்படி ஒரு தம்பி இருந்திருப்பான் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. அங்கே பழுப்புக் கோழிகளுக்கு மறுபடியும் புன்னெட்டின் நிறம்தான் கைகொடுக்கிறது. 13-ஆம் நாள் வாக்கில் முட்டைக்குள் ஒளியைச் செலுத்தி, ஓட்டைத் திறக்காமலே உள்ளே முளைக்கும் இறகு பழுப்பா வெள்ளையா என்று கருவி பார்த்துவிடுகிறது. வெள்ளைக் கோழிக்கு இது உதவாது. அதற்கு 9-ஆம் நாள் வாக்கில் முட்டையிலிருந்து ஒரு துளி நீர் எடுத்து ஹார்மோனைச் சோதிக்கிறார்கள். செலவு கூடுதல்தான், ஒரு முட்டைக்கு எவ்வளவு கூடும், அதை யார் தலையில் வைப்பது என்று அங்கே பேரம் நடக்கிறது. பண்ணைத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். இங்கே அது கட்டுப்படியாகுமா, உங்கள் கணக்கை எழுதுங்கள், பார்க்கிறேன்.