பொய்த்த தலைப்புகளும் நிகழாத வரலாறும்

ஹரி ட்ரூமன் இரு கைகளாலும் ஒரு பத்திரிகையை உயர்த்திப் பிடித்து, முகமெல்லாம் மலர நிற்கும் புகைப்படத்தை வரலாறு பயில்வோரிற் பலர் கண்டிருப்பர். 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி, சென். லூயிஸ் புகையிரத நிலையத்திலே, வண்டியின் பின்மேடையில் அவர் நின்றபோது எடுக்கப்பட்ட படம் அது. கையிலிருப்பது 'சிக்காகோ டெய்லி ரிபியூன்'. அதன் முதற்பக்கம், டூயி ட்ரூமனைத் தோற்கடித்துவிட்டார் எனக் கொட்டை எழுத்துக்களிற் கூறுகின்றது. 'தோற்றவர்' சிரித்துக்கொண்டிருக்கிறார். வென்றதாகச் சொல்லப்பட்டவரை எவரும் படம்பிடித்ததாகத் தெரியவில்லை.

இத்தவறு எங்ஙனம் நேர்ந்ததென்பது ஆராயத்தக்கது. 1947 நவம்பர் தொடக்கம் சிக்காகோ நகர அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். எனவே செய்திகளைத் தட்டச்சிற் பொறித்து, அவற்றைப் படம்பிடித்து, அச்சுத்தகடு செய்யவேண்டியிருந்தது. இம்முறைக்கு நேரம் மிகுதியாகத் தேவைப்பட்டதால், வாக்குகள் எண்ணி முடியுமுன்னரே முதற்பதிப்பு அச்சுக்குப் போகவேண்டியதாயிற்று. முடிவு வராத இடத்தில் ஊகம் அமர்ந்துகொண்டது. ஊகித்தவர் வாஷிங்டன் நிருபர் ஆதர் ஹெனிங். முந்திய இருபதாண்டுக் காலத்துச் சனாதிபதித் தேர்தல்கள் ஐந்தனுள் நான்கினைச் சரியாகக் கணித்த பெருமை அவருக்கிருந்தது. தவிரவும், அவர் தனித்துத் தவறவில்லை. கலப், ரோப்பர், குறொஸ்லி ஆகிய மூன்று கருத்துக்கணிப்பாளரும் டூயியே வெல்வாரென்றனர். ரோப்பரோ இனிமேற் கணிப்பது வீண்வேலையெனச் செப்டம்பரிலேயே நிறுத்திக்கொண்டார். 'நியூஸ்வீக்' சஞ்சிகை வினவிய அரசியல் அறிஞர் ஐம்பதின்மரும் ஒரே குரலில் டூயி என்றனர். ஐம்பது அறிஞர் ஒருமித்து ஒரு கருத்தைச் சொல்லுமிடத்து அஞ்சவேண்டுமென்பதை எமது விரிவுரை மண்டபங்களிலும் சிலவேளை உணரலாம்.

ஏறத்தாழ 1,50,000 பிரதிகள் அத்தலைப்புடன் வெளிவந்தன. அவசரத்தில் அச்செய்தியின் சில வரிகள் தலைகீழாகவும் அச்சாகிவிட்டன. உண்மைக்கு மிக அண்மையில் நின்றவை அவ்வரிகளே எனலாம். இறுதி முடிவில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகளும் டூயிக்கு 189 வாக்குகளும் கிடைத்தன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அச்சுக்கோப்பாளரின் வேலைநிறுத்தம், தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்திய 1947ஆம் ஆண்டின் ராவ்ற்-ஹார்ட்லி சட்டத்தோடு தொடர்புடையது. அச்சட்டத்தைத் தமது மறுப்பதிகாரத்தால் நிராகரித்தவர் ட்ரூமன். அவர் மறுப்பை மீறி நிறைவேற்றியது காங்கிரஸ். ஆகவே ட்ரூமனின் சொல்லைக் கேட்டிருந்தால் வேலைநிறுத்தமும் நேர்ந்திராது, அத்தலைப்பும் பிறந்திராது, அவர் கையிலே தூக்கிப் பிடிப்பதற்கு ஒன்றும் இருந்திராது!

சரி, தலைப்பு மெய்யாகியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? 1949 சனவரியில் டூயி பதவியேற்றிருப்பார். அவரது வெளிநாட்டு விவகார ஆலோசகரான டலஸ், 1953இல் அடைந்த அமைச்சை நான்காண்டுகள் முந்தியே அடைந்திருக்கக்கூடும். கொரியப் போரில் மக்ஆதரைப் பதவிநீக்கத் துணிந்திருப்பாரா டூயி என்பது வினாவிற்குரியது. 1952இல் டூயி மீண்டும் போட்டியிட்டிருப்பாராயின், ஐசன்ஹோவர் இராணுவ உடையைக் களைய வேண்டியிருந்திராது. அவர் வராவிடின், அவரோடு உப சனாதிபதியாக வந்த நிக்சன் கலிபோர்ணியாவின் செனற்றராகவே நரைத்திருப்பார். வாட்டர்கேற் என்பது வாஷிங்டனிலுள்ள ஒரு கட்டடத்தின் பெயராக மட்டும் நிலைத்திருக்கும். 1974இல் அமெரிக்கப் பத்திரிகைகள் தலைப்புக்குத் திண்டாடியிருக்கும். ட்ரூமனோ, 1922இல் நட்டத்தில் மூடிய தமது துணிக்கடையை மறுபடி திறப்பது பற்றி மனைவியோடு ஆலோசித்திருப்பார்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 1835ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்து நியூயோர்க் 'சன்' பத்திரிகை எதிர்ப்படும். நன்னம்பிக்கை முனையிலே சேர் ஜோன் ஹேர்ஷல் தமது தொலைநோக்கியால் சந்திரனிற் காடுகளையும், இரு காலால் நடக்கும் நீர்நாய் போன்ற விலங்குகளையும், வௌவாற் சிறகுடைய மாந்தரையும் கண்டாரென ஆறு கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. ஹேர்ஷல் அங்கிருந்தது மட்டும் மெய். ஏனையவை மெய்யாயின் விளைவு யாதென ஊகிப்பதற்கு அதிக கற்பனை வேண்டியதில்லை. முதலில் மதபோதகர் ஒருவர் சென்று வௌவால்மொழிக்கு இலக்கணம் எழுதியிருப்பார், அடுத்து நில அளவையாளர், அதன்பின் கோப்பித்தோட்டம். இலங்கை மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகத் தொடங்கிய காலம் அதுவே. சிறகுடையோர் கூலிவேலைக்கு இசையாதிருப்பின், கங்காணி ஒருவர் எம்மவரை அழைத்துச்செல்லச் சந்திரனிலிருந்தும் இறங்கியிருப்பார்.

சந்திரனுக்குப் போகவே முடியாதென்ற பத்திரிகையும் உண்டு. வெற்றிடத்தில் றொக்கற் இயங்காதென 1920இல் பேராசிரியர் கொடாட்டை எள்ளிய 'நியூயோர்க் ரைம்ஸ்', அப்பலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 யூலை 17இல், தன் தவறைத் திருத்திக்கொண்டது. கொடாட் 1945இலேயே காலமாகிவிட்டார்.

எல்லாத் தலைப்புகளும் நகைப்புக்குரியன அல்ல. 1912 ஏப்பிரல் 15இல், ரைற்றானிக் கப்பலில் அனைவரும் காப்பாற்றப்பட்டனரென நியூயோர்க் 'ஈவினிங் சன்' அறிவித்தது. கப்பல் மூழ்கியது, உயிரிழப்பில்லை என மறுநாள் இலண்டன் 'டெய்லி மெயில்' எழுதியது. 1,500 பேர்வரை அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். அத்தலைப்புகளின் விளைவைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. அதை வாசித்து நிம்மதியுற்று அன்றிரவு உறங்கிய குடும்பங்கள் எத்தனையோ!

வரலாற்று மாணவனை உறுத்தும் ஐயம் இங்குதான் எழுகின்றது. ரிபியூனின் அம்முதற்பதிப்பு மாத்திரமே எஞ்சி, ஏனைய சான்றுகள் யாவும் அழிந்திருப்பின், ஆயிரமாண்டுகளின்பின் ஓர் ஆய்வாளர் டூயியின் ஆட்சிச் சிறப்பினை அடிக்குறிப்புகளோடு எழுதிவிட மாட்டாரா? அவ்வாறு நாம் எழுதிவிட்டவை எத்தனை? பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினானென இரண்டாம் புலிகேசியின் 634ஆம் ஆண்டு ஐகோளேக் கல்வெட்டு பாடுகின்றது. புள்ளலூரிலே பகைவரை மகேந்திரவர்மன் அழித்தானென எட்டாம் நூற்றாண்டுக் கசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. பகைவர் இன்னாரெனக் கூறவில்லை. இரண்டும் அரசர் தரப்புத் தலைப்புகளே. கல்லிலும் செம்பிலும் பொறித்தமையால் மறுநாட்பதிப்பில் திருத்தம் வெளியிட வழியில்லாது போயிற்று. நாமோ இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, பரீட்சை வினாத்தாளுக்கு ஏற்றவாறு ஒருவருக்கு வெற்றியை வழங்கிவிடுகின்றோம்.

ரிபியூனோ தன் தவற்றைக் கண்டு தானே சிரிக்கக் கற்றுக்கொண்டது. அத்தேர்தலின் வெள்ளிவிழாவையொட்டி, அப்பிழைத்தலைப்பின் உருவம் பொறித்த தகடொன்றை ட்ரூமனுக்கே பரிசளிக்க அது எண்ணியிருந்தது. 1972 டிசம்பர் 26இல் ட்ரூமன் காலமாகிவிட்டார். அச்செய்தியைப் பத்திரிகைகள் சரியாகவே வெளியிட்டன.