யங்ஸ்ரவுணின் வேலையின்மை: வீதமும் வரலாறும்

வேலையின்மை பற்றிய ஆய்வுகள் பல, ஒரு வீதத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. வீதம் தாழ்ந்தால் நிலைமை சீரடைந்தது என்றும், உயர்ந்தால் சீர்கெட்டது என்றும் முடிவு கூறப்படுகின்றது. இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள யங்ஸ்ரவுண் என்னும் சிறு மாநகர்ப் பிரதேசத்தைக் கொண்டு நோக்குவோம்.

மகோனிங் பள்ளத்தாக்கிலமைந்த இந்நகர் உருக்கினால் வளர்ந்தது. 1930இல் இதன் குடித்தொகை ஏறத்தாழ 1,70,000. தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களும் ஆலைகளை நிரப்பினர். 1900இல் உள்ளூர் மூலதனத்தாற் தோன்றிய யங்ஸ்ரவுண் ஷீற் அன்ட் ரியூப் கம்பனி, 1969இல் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தளமாகக் கொண்ட லைக்ஸ் என்னும் கப்பற் கம்பனியின் கைக்கு மாறியது. பழைய உலைகளைப் புதுப்பிப்பதற்கு வேண்டிய முதலீடு வந்து சேரவில்லை. 1977 செப்ரெம்பர் 19ஆந் திகதி, கம்பெல் ஆலையின் பெரும்பகுதி மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். மக்கள் அந்நாளைக் 'கறுப்புத் திங்கள்' என அழைக்கலாயினர். நிர்வாகம் அந்நிய இறக்குமதியைக் காரணங்காட்டியது. அடுத்த சில ஆண்டுகளிற் பிரையர் ஹில் ஆலையும் யூ. எஸ். ஸ்ரீல் கம்பனியின் ஆலைகளும் மூடப்பட்டன.

தொழிலாளர் இதனை விதியென ஏற்றுக்கொண்டாரல்லர். மதத் தலைவர்களோடு கூடி, கம்பெல் ஆலையைத் தொழிலாளரும் ஊராரும் உடைமையாக்கும் திட்டமொன்றை முன்வைத்தனர். அதற்கு வேண்டிய கடன் உத்தரவாதத்தை வழங்க மத்திய அரசு 1979இல் மறுத்தது. யூ. எஸ். ஸ்ரீலுக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கும் 1980இல் தோல்வி கண்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்த சமூகத்துக்கு ஆலையின்மீது சட்டவழி உரிமை யாதுமில்லை என்பதே அவ்வழக்கின் சாரம். உடைமை உறவின் இயல்பை இதைவிடத் தெளிவாக உணர்த்தவல்ல பாடநூல் அரிது.

இனி வீதத்துக்கு வருவோம். அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, வேலையற்றிருந்து, வேலைக்குச் செல்லத் தயாராகவிருந்து, கடந்த நான்கு வாரங்களுள் வேலை தேடியவரே வேலையற்றோர் ஆவர். தேடிச் சலித்துக் கைவிட்டவர் அதனுள் அடங்கார். வாரத்தில் ஒரு மணிநேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையுள்ளவராகவே கொள்ளப்படுவார். ஊரைவிட்டு வெளியேறியவர் அவ்வூரின் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றார். யங்ஸ்ரவுண் நகரின் குடித்தொகை 2010இல் ஏறத்தாழ 67,000 ஆகவும் 2020இல் ஏறத்தாழ 60,000 ஆகவும் சுருங்கியது. இத்தகைய நகரில் வேலையின்மை வீதம் தாழ்வது, வேலை பெருகியதனாலும் நிகழலாம். வேலை வேண்டியோர் குறைந்ததனாலும் நிகழலாம். வீதம் மாத்திரம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

1990களின் பிற்பகுதியில் இந்நகருக்கு வந்த புதிய தொழில்வாய்ப்புக்களுட் சிறைச்சாலைகளும் அடங்கும். சிறைக்காவலர் வேலையுள்ளவராகக் கணக்கிடப்படுவர். சிறையிலிருப்போர் தொழிற்படையின் கணக்கிலேயே இடம்பெறார். அண்மையிலிருந்த லோட்ஸ்ரவுணின் ஜெனரல் மோட்டோர்ஸ் கார்த் தொழிற்சாலையும் 2019இல் உற்பத்தியை நிறுத்தியது.

மூலதனம் தன் தேவைக்கேற்ப உழைப்பாளரை ஈர்த்தும் தள்ளியும் சேமப்பட்டாளமொன்றைப் படைக்கின்றது என மார்க்ஸ் விளக்கினார். மிதப்பது, மறைந்திருப்பது, தேங்கிக்கிடப்பது என அதன் வடிவங்களையும் அவர் வகுத்துக் காட்டினார். அரசாங்கப் புள்ளிவிபரம் பெரிதும் முதலாவது வடிவத்தையே அளக்கின்றது. ஏனையவை அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஆதலின், வேலையின்மையின் போக்கினை ஆராய்வோர், வேலையற்றோர் எத்தனை பேர் என்பதோடு, எண்ணப்படாது விடப்பட்டோர் யார், அவர்கள் எங்கே சென்றனர் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்கள் எழும் இடத்திலேயே புள்ளிவிபரம் வரலாறாக மாறுகின்றது.