கப்பலேறுவோர் கவனத்திற்கு

தமிழில் கப்பல் வருகிற பேச்சு வழக்குகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் "என்ன, கப்பலா கவுந்துபோச்சு?" என்பார்கள். வீட்டு விஷயம் தெருவுக்கு வந்துவிட்டால் "மானம் கப்பலேறிடுச்சு." ஒன்று கவிழ்கிறது, இன்னொன்று திரும்பி வராமல் போகிறது. சும்மா சுற்றிப் பார்க்கக் கப்பலேறுவது என்கிற சங்கதியே நம் பேச்சில் இல்லை.

இப்போது இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா கப்பல் கிளம்பத் தொடங்கியதிலிருந்து, கல்யாண நாளுக்கும் ஆபீஸ் டூருக்கும் க்ரூஸ் போவது சாதாரணமாகிவிட்டது. நான் இரண்டு தடவை போய் வந்தவன் என்பதால் நண்பர்கள் கேட்பார்கள்: "எந்த ரூம் எடுக்கலாம்? உள்ள எல்லாமே ஃப்ரீயா? வாந்தி வருமா?" பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. இந்தச் சின்னச் சின்ன யோசனைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பழைய கப்பல் நிற்கிறது. சிலவற்றின் பின்னால் பிணங்களும். அதனால் யோசனையையும் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எப்போது போவது

ஊர் பார்க்கக் கப்பல் என்பதை முதலில் விற்றுப் பார்த்தவர்களில் ஒருவர்கள், தபால் மூட்டை சுமந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் நிறுவனமான பி அண்ட் ஓ. 1844இல் நாவலாசிரியர் தாக்கரேவுக்கு இலவச டிக்கெட் கொடுத்து, ஏதென்ஸ், கான்ஸ்டான்டினோபிள், ஜெருசலேம், கெய்ரோ என்று அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தவர் 1846இல் பயண நூல் வெளியிட்டார். இன்று இதற்கு 'கொலாப்' என்று பெயர்.

ஆனால் க்ரூஸ் ஒரு தொழிலாக உருவானது ஹாம்பர்க் நகரின் ஆல்பர்ட் பாலினின் கைங்கரியம். அவருடைய ஹாபாக் நிறுவனத்துக்குச் சோறு போட்டது அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரோப்பிய ஏழைகள். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கொந்தளிக்கும், பணக்காரப் பயணிகள் வரமாட்டார்கள். சும்மா நிற்கிற கப்பலும் காசைத் தின்னும். எனவே 1891 ஜனவரி 22 அன்று 'ஆகஸ்டா விக்டோரியா' கப்பலில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசியம் இல்லாத பயணம். அது வெற்றி பெற்றதும், 1900இல் உல்லாசப் பயணத்துக்கென்றே 'பிரின்ஸஸின் விக்டோரியா லூயிஸெ' என்ற கப்பலைக் கட்டி இறக்கினார்.

ஆக, க்ரூஸ் பிறந்ததே காலி அறையை நிரப்பத்தான். இன்றும் அதே கணக்கு. கிளம்பிய கப்பலில் காலியாகக் கிடக்கும் அறை முழு நஷ்டம் என்பதால், பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் விலையை இறக்குவார்கள். அப்போது வாங்குங்கள். ஆனால் விலை குறைவாக இருக்கிறதே என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் இறங்கவேண்டாம். அது புயல் காலம்.

எந்த அறை

இங்கிலாந்திலிருந்து சூயஸ் வழியாக இந்தியா வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வெயில்தான் கவலை. கிழக்கே போகும்போது இடப்பக்கத்து அறை, திரும்பும்போது வலப்பக்கத்து அறை எடுத்தால் நிழல் கிடைக்கும். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற அந்தச் சொற்களின் முதலெழுத்துகளிலிருந்துதான் 'பாஷ்' என்ற சொல் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அந்த எழுத்துகள் குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கதை பொய், நிழல் நிஜம்.

இன்று ஏசி இருப்பதால் இடமா வலமா என்ற பிரச்சினை இல்லை. ஆட்டம்தான் பிரச்சினை. சீ-சா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இருப்பவன் ஏறி இறங்குவான், நடுவில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுவில், உயரவாக்கில் கீழே இருக்கும் அறை குறைவாக ஆடும். உச்சித் தளத்தில் பால்கனி வைத்த அறைக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்தான் அலையடிக்கிற நாளில் அதிகம் ஆடுவார். அன்றைய பெருங்கப்பல்களில் முதல் வகுப்பு பெரும்பாலும் நடுவில் இருந்தது. குடிபெயர்வோருக்கு முன்னும் பின்னும் உள்ள ஓரங்கள், எஞ்சின் இரைச்சல், சுழலியின் அதிர்வு. யாருக்கு எவ்வளவு வாந்தி என்பதையும் டிக்கெட்டே தீர்மானித்தது.

முதல் தடவை போகிறவர்கள் நடுத்தளத்தில், நடுப்பகுதியில், ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். ஜன்னல் காற்றுக்காக இல்லை, தொடுவானத்துக்காக. உட்காது 'ஆடுது' என்கிறது, கண் 'அறை அசையவே இல்லையே' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் சமாதானமாகும். மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டு, குமட்டல் தொடங்குவதற்கு முன்பே போடவேண்டும். நான் பையில் இஞ்சி மரப்பா வைத்திருப்பேன். ஐந்து வருடம் உலகத்தைச் சுற்றிய சார்லஸ் டார்வினுக்கே கடைசி வரை கடல்நோய் தீரவில்லை, உலர்திராட்சையும் பிஸ்கட்டும்தான் வயிற்றில் தங்கின. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எது ஃப்ரீ

1950களின் கடைசியில் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைச் சில மணி நேரத்தில் தாண்டத் தொடங்கியது. பெருங்கப்பல்களுக்கு வேலை போனது. அவற்றில் ஒன்றை விலைக்கு வாங்கி, 1972இல் 'மார்டி க்ரா' என்று பெயரிட்டு மயாமியிலிருந்து இயக்கினார் டெட் அரிசன். நிறுவனத்தின் பெயர் கார்னிவல். முதல் பயணத்திலேயே, டிக்கெட் விற்கவேண்டிய ஏஜெண்டுகள் முந்நூறு பேரை வைத்துக்கொண்டு, துறைமுகத்தை விட்டு வெளியேறும்போதே கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றது. கரையிலிருந்து எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மானம் கப்பலேறிய கதையை இவ்வளவு நேரடியாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

அந்தக் கப்பல் எண்ணெயைக் குடித்தது. மெதுவாகப் போனால் எரிபொருள் மிச்சம், ஆனால் குறைவான ஊர்களையே காட்டமுடியும். சரி, ஊர் எதற்கு, கப்பலே கொண்டாட்டமாக இருக்கட்டும் என்று மாற்றினார்கள். பார், காசினோ, ஆட்டம், பாட்டம். டிக்கெட்டில் விட்டதைக் கப்பலுக்குள் பிடிக்கிற இன்றைய வியாபாரம் இப்படித்தான் வேர் பிடித்தது. பஃபே டிக்கெட்டோடு சேர்த்தி. மது, வைஃபை, மசாஜ், தனி உணவகம், கரைச்சுற்றுலா எல்லாம் தனிக் காசு. ஏறும்போது நீட்டுகிற அட்டையைத் தேய்க்கத் தேய்க்கக் காசு என்ற நினைப்பே மறந்துபோகும். தினமும் இரவு கணக்கைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாக ஒட்டிக்கொண்டால், டிக்கெட்டோடு போட்டி போடுகிற ரோமிங் பில் வரும்.

காசினோவும் பாரும் கரையில் இருக்கும்போது மூடியிருப்பதற்கும் கதை உண்டு. 1920இல் அமெரிக்கா மதுவிலக்குக் கொண்டுவந்தது. குடிப்பதற்காகவே கடலுக்குள் போய்த் திரும்புகிற 'எங்கும் போகாத' பயணங்கள் முளைத்தன. 1922இல் 'ரிலையன்ஸ்', 'ரெசொல்யூட்' என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள், மது விற்பதற்காகக் கொடியை இறக்கிவிட்டு பனாமா கொடியை ஏற்றிக்கொண்டன. மதுவிலக்கு 1933இல் போனது. கொடி மாற்றும் பழக்கம் போகவில்லை. இன்றைய பெரிய க்ரூஸ் கப்பல்களின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள்: பனாமா, நாசோ, வல்லெட்டா. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் உள்ளே வேலை செய்பவருக்கு. குடிக்க வசதியாகத் தொடங்கிய வழி, வரிக்கும் சம்பளத்துக்கும் வசதியாகிப்போனது.

கையைக் கழுவுங்கள்

பஃபே வாசலில் ஒருவர் நின்று பாட்டுப் பாடிக் கை கழுவச் சொல்வார். சிரித்துவிட்டு நழுவாதீர்கள். 1968இல் ஒஹையோவின் நார்வாக் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்க வாந்தி. 1972இல் அதற்குக் காரணமான கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டுபிடித்தார்கள். அதுதான் நோரோவைரஸ். ஒரே கரண்டியை ஆயிரம் பேர் தொடும் இடம் அதற்குச் சொர்க்கம். சானிடைசருக்கு அது அவ்வளவாக அசையாது. சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

ஒத்திகை

கப்பல் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு லைஃப் ஜாக்கெட் போடக் கற்றுத் தருவார்கள். "இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி" என்று என் பக்கத்தில் நின்றவர் சொன்னார். அவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

1912இல் டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காக்கும் படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அதுவே அன்றைய சட்டம் கேட்டதைவிட அதிகம்! பனிப்பாறை எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த அந்த இரவில் தந்தி அறை பயணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்புவதில் மும்முரமாக இருந்தது. செத்துப்போன 1,500 பேரில் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் ஊழியர்களும்தான் மிக அதிகம். 1914 ஜனவரியில் லண்டனில் நாடுகள் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தத்தை எழுதின. எல்லோருக்கும் படகில் இடம் என்பது அப்படித்தான் விதியானது.

இருந்தும் ஒரு ஓட்டை இருந்தது. பயணி ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பேருக்கு ஒத்திகை நடக்கவில்லை, மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கிளம்புவதற்கு முன் அல்லது கிளம்பிய உடனே ஒத்திகை கட்டாயம். அந்த அரைமணி நேரம் அந்த 32 பேர் நமக்கு வாங்கிக் கொடுத்தது. போனைப் பையில் வையுங்கள்.

கீழ்த்தளம்

டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பல கப்பல்களில் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பாருங்கள். முடிந்தால் அதற்கு மேலும் கையில் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கடல்சார் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2013இல்தான் அமலுக்கு வந்தது. அதன் ஓய்வுக் கணக்கின்படி, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்துப் பாருங்கள்: 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டம் கேட்காது. அது தொழிலாளியைப் பாதுகாக்க எழுதிய சட்டம்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்ஸஸ் கப்பலைக் கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்தினார்கள். உள்ளே 3,711 பேர். பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊழியர்கள்? அவர்கள் சமைத்து, அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, கீழ்த்தளத்தில் ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கினார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். 712 பேருக்குத் தொற்று உறுதியானது. 1891க்கும் இதற்கும் நடுவே கப்பல் எவ்வளவோ மாறியிருக்கிறது. மேல்தளம், கீழ்த்தளம் என்ற பிரிவு மாறவில்லை.

நமக்கும் ஒரு கீழ்த்தளம் இருந்தது. 1926இல் கட்டிய 'ரஜுலா', சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் அறையில்லாமல் டெக்கிலேயே பாய் விரித்து இடம் பிடித்துப் போனார்கள். நாகையில் பெரிய கப்பல் கரையணைய முடியாது; படகில் போய் நடுக்கடலில் ஏறவேண்டும். அதற்குப் பின் 1972இல் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில், சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். தோட்டத்துக்கும் கடைக்கும் ஆள் ஏற்றிய அந்தக் கடல்வழி அதோடு முடிந்தது.

சிதம்பரம் பிறக்கும்போது சிதம்பரம் இல்லை. பிரான்சில் கட்டி, 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த சொகுசுக் கப்பல் அது. 2022இல் சென்னைக்கு வந்த 'எம்ப்ரஸ்' கப்பலும் பிரான்சில் கட்டி, 1990 முதல் வேறு கடல்களில் ஓடியதுதான். யாரோ உல்லாசமாகப் போய்வந்த கப்பல் பழசானதும் நம் கரைக்கு வருகிறது. முன்பு பிழைக்க ஏறினோம், இப்போது பொழுதுபோக்க ஏறுகிறோம். இதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். திரும்பி வருவோம் என்று நிச்சயமாகத் தெரிந்து கப்பலேறுகிற முதல் தலைமுறை அநேகமாக நாம்தான்.

கடைசியாகச் சில. சிங்கப்பூரில் ஏறி மலேசியா பார்த்துவிட்டுத் திரும்புவதென்றால், மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள் துறைமுக ஊருக்கு முதல் நாளே போய்விடுங்கள், கப்பல் காத்திருக்காது. பெட்டி அறைக்கு வரத் தாமதமாகும், மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். சென்னையிலிருந்து கிளம்பினால், எல்லோரும் பஃபேவுக்கு ஓடுகிற அந்த நேரத்தில் பின்பக்கத் தளத்துக்குப் போய், ஊரின் விளக்குகள் சின்னதாவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ரஜுலாவின் டெக்கில் பாய் விரித்தவர்கள் கடைசியாகப் பார்த்ததும் இந்தக் கரையைத்தான்.

போகிற வழியில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.