புகார்

மூடுபனிக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் பெயரான ‘புகார்’ தமிழ்ச்சொல். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் ‘புகார்’ உருதுவிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூவுதல், உரக்க அழைத்தல் என்று பொருள். தமிழில் அந்தக் குரல் காகிதமாகிவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்துவழிப் புகாரையே கேட்கிறது. கெடு 3 மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை நீட்டலாம். அவமானத்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது போதாது. அதற்குள் பேச்சுவழக்கு வேறு ‘புகார்ப் பட்டியல் வாசிக்கிறாள்’ என்று ஏளனம் செய்யும். மாற்றாகச் சொல்லப்படும் ‘முறையீடு’ நல்ல தமிழ்தான். முறை என்றால் நீதி. ஆனாலும் அதில் அரசன் வாசலில் கைகூப்பி நிற்கும் சாயல் போகவில்லை. விசாரணையை உரிமையாகக் கேட்கும் இடத்தில் இரவல் சொல்லே பொருந்துகிறது.