பச்சைச் சீழும் டெல்லி ஊசியும்

தொண்டாமுத்தூர்ல எங்க அமுச்சி முறுக்கு சுடும்போது கொதிக்கிற எண்ணெய் கையில கொட்டிருச்சு. ஆஸ்பத்திரில டி.டி. ஊசி போட்டாங்க. "சுட்ட புண்ணுக்கு எதுக்கு சாமி கிருமி ஊசி?"ன்னு அமுச்சி கேட்டாங்க. அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதுதான் இந்த எபிசோடு.

தோல் கருகினா கிருமிக்குக் கதவு திறந்துடும். பெரிய தீக்காயம்னா இன்னும் மோசம். ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடிகள் புண் வழியா நீரோட கசிஞ்சு போகும், வெள்ளை அணுக்களும் சோர்ந்துடும். டெட்டனஸ் நஞ்சுக்கு நம்ம உடம்புல பழைய தடுப்பூசியோட ஞாபகம் இருக்கு. ஒரு ஊசி போட்டா அது முழிச்சுக்கும். ஆனா தீக்காய வார்டுகளை நடுங்க வெச்சது சூடோமோனாஸ் ஏருஜினோசா. புண்ணுல பச்சையா சீழ் வைக்கிற கிருமி. அதோட 'எக்ஸோடாக்சின் ஏ'ங்கிற நஞ்சு செல்லுக்குள்ள போய் புரதம் தயாரிக்கிறதையே நிறுத்திடும். தொண்டை அடைப்பான் நஞ்சும் இதே இடத்துலதான் கை வைக்குதுன்னு 1975-ல தெரிஞ்சது.

அதே பத்தாண்டுல பிர்மிங்காம் ஆராய்ச்சியாளர்கள் ஜோன்ஸ், ரோ ரெண்டு பேரும் டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி டாக்டர் ஜே.எல். குப்தாவோட சேர்ந்து ஒரு தடுப்பூசியைச் சோதிச்சாங்க. அது நஞ்சைக் குறிவைக்கலை. 16 வகை சூடோமோனாஸோட மேற்பரப்புப் பொருள்தான் அதுல இருந்தது. விசேஷம் என்னன்னா, தீக்காயம் பட்ட பிறகு போட்டாங்க! கிருமி முந்துமா, ஆன்டிபாடி முந்துமான்னு ஒரு ஓட்டப்பந்தயம். 1978, 1979-ல 'லான்செட்' இதழ்ல முடிவுகள் வந்துச்சு: ஊசி போட்டவங்கள்ல சாவு குறைஞ்சிருந்தது. உடம்பு ஆன்டிபாடி செய்ய நாள் ஆகுமே? அதனால தயாரா இருக்கிற ஆன்டிபாடியையும் கொடுத்துப் பார்த்தாங்க. அது 1980 கட்டுரை.

எனக்கு அந்தக் கட்டில்கள்ல படுத்திருந்தவங்க ஞாபகமாவே இருந்துச்சு. அந்தக் காலத்து நம்ம ஊர் தீக்காய வார்டுன்னா மண்ணெண்ணெய் ஸ்டவ், நைலான் சேலை, இளம் பொண்ணுங்க. சிலது விபத்தே இல்லை. அறிவியல் வரலாறு பேசும்போது இதை நாம லேசா தாண்டிடறோம்.

இவ்வளவு நல்ல முடிவு வந்தும், சூடோமோனாஸுக்கு இன்னிக்கு வரைக்கும் அனுமதி பெற்ற தடுப்பூசி உலகத்துல எங்கேயும் கிடையாது. அந்தக் கிருமிக்கு வகைகள் ஏராளம். ஆன்டிபயாட்டிக்குக்கும் அது பழகிட்டு வருது. கருகின தோலைச் சீக்கிரம் எடுத்துட்டு வேற தோல் ஒட்டறது, சுத்தமான டிரெஸ்ஸிங், நர்ஸ் ஒவ்வொரு பேஷண்டுக்கும் நடுவுல கை கழுவறது, இப்ப வார்டுல நடக்கிற சண்டை இதுதான்.

அமுச்சிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்தப் பச்சைக் கிருமிக்கு ஊசி இல்லையா?"ன்னாங்க. இல்லைங்க அமுச்சி.