துடுப்பில் கேட்ட பாட்டும் வாப்பாவின் கெசட்டும்



போன கிழமை ஒரு ஓய்வுப் பாடவேளையில் தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், பாட்டுக் கேட்க எந்த ஹெட்போன் நல்லது? மூடினதா, பின்பக்கம் திறந்ததா?" வரலாறு படிப்பிக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நமது வாவியிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1848 செப்டெம்பர் மாதம், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். வாவிக்குள் இருந்து இசை கேட்கிறது என்று சொன்னதும், நிலவு எழுந்த பிறகு மீனவர்களுடன் தோணியில் போனார். கோட்டை வாசல் துறையிலிருந்து ஏறத்தாழ 200 யார் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருவது போன்ற மெல்லிய அதிர்வு என்றும், ஒரே நீண்ட சுரமாக அல்லாமல் பல சிறு ஒலிகள் சேர்ந்தது என்றும் 1859இல் வெளிவந்த தனது நூலில் எழுதினார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் பல மடங்கு கூடியது என்பதையும் குறித்து வைத்தார். மீனவர்களோ, ஊரிதான் கத்துகிறது என்று சொல்லி, உயிருள்ள ஊரிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாம் "பாடும் மீன்" என்கிறோம். மீனா ஊரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

கல்லடிப் பக்கத்து மூத்தவர்கள் இதைக் கேட்கும் முறை உங்களுக்குத் தெரியும். பூரணை இரவில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடிப்பார்கள். இதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஒலி காற்றுக்கு வரும்போது, அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் கடந்து வரும். மீதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். மரம் இடையில் இருந்தால் அதிர்வு நேராகக் காதுக்கு ஏறும். எனது கணக்கில் இந்தப் பிரதேசத்தின் முதல் ஹெட்போன் அந்தத் துடுப்புத்தான். ஒரு காது வாவியில் இருக்கும், மற்றக் காது தோணியில் இருப்பவர்களின் பேச்சில் இருக்கும்.

பிற்காலத்தில் லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி இந்த ஒலியைப் பதிவு செய்தார். 1960களில் அது இலங்கை வானொலியிலும் போனது. துடுப்பு இல்லாதவர்களும் வீட்டிலிருந்து வாவியைக் கேட்டார்கள்.

வானொலியின் கதையும் ஹெட்போனில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் போல்ட்வின் என்பவர் தனது வீட்டுச் சமையலறையில் செய்த காதொலிக் கருவியை 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. இங்கே கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர் 1923இல் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு செய்த சிறிய பரப்பி அது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான வானொலிச் சேவை ஆரம்பமானது. அந்தக் காலத்துப் படிகப் பெட்டிகளுக்கு ஒலியைப் பெருக்கும் சக்தி இல்லை. ஹெட்போன் போட்டால்தான் கேட்கும். வீட்டில் பலர் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போனை ஒரு கோப்பைக்குள் வைப்பார்களாம். கோப்பை ஒலியைக் கொஞ்சம் பெருக்கிக் கொடுக்கும்.

இன்னொரு பொருத்தம் பாருங்கள். கொழும்பு வானொலி தொடங்கி ஒன்பது நாள் கழித்து, 1925 டிசம்பர் 25இல் பிறந்தவர் நாகூர் ஈ.எம். ஹனிபா. அவருடைய குரலை நமது வீடுகளுக்குள் கொண்டுவந்தது பெரும்பாலும் இலங்கை வானொலிதான். 2025 டிசம்பரோடு இரண்டுக்கும் நூறு வருடம் ஆகிவிட்டது.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 1958இல் அமெரிக்காவில் ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அக்கால ஹெட்போன்கள் காதை இறுக்கி மூடும் கனமான சாமான்கள். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாதிரியை வெளியிட்டது. பின்பக்கம் அடைக்கப்படவில்லை, காதில் படும் இடத்தில் மஞ்சள் நிறப் பஞ்சு. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. திறந்த ஹெட்போனின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வித்தியாசம் இதுதான். ஹெட்போனுக்குள் இருக்கும் மென்தகடு முன்னுக்கும் பின்னுக்கும் அசையும். எனவே ஒலி இரு பக்கமும் போகும். பின்பக்கத்தை மூடினால் அந்த ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பும். அதனால் குரல் சில வேளை குடத்துக்குள் இருந்து பேசுவது போல் இருக்கும். பின்பக்கத்தைத் திறந்துவிட்டால் ஒலி வெளியே போய்விடும், குரல் இயல்பாக, எதிரே சற்றுத் தள்ளி ஒருவர் பாடுவது போல் கேட்கும். ஆனால் முன் ஒலியும் பின் ஒலியும் வெளியில் சந்தித்து ஒன்றையொன்று அழிப்பதால் ஆழமான தாளச் சத்தம் குறையும். வெளிச் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

கட்டாரில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் தந்த பழைய திறந்த ஹெட்போனிலும், எனது மூடிய ஹெட்போனிலும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தேன். (இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை.) ஹனிபாவின் பழைய பாடல்கள் திறந்ததில்தான் நன்று. மூச்செடுக்கும் இடமும், ஆர்மோனியமும் குரலும் பிரியும் இடமும் தெரிகிறது. வயலின், புல்லாங்குழல், நாகஸ்வரம் போன்றவற்றுக்கும் திறந்ததே பொருத்தம். கிராஅத் கேட்கவும் அதுதான் எனக்குப் பிடித்தது, மகாரிஜ் துல்லியமாக விளங்குகிறது. றபான் சத்தத்தில் தோலின் அடி திறந்ததில் தெளிவு, அதன் முழக்கம் மூடியதில் கூடுதல். பைலாவுக்கும் இன்றைய சினிமாக் குத்துப் பாட்டுக்கும் மூடியதுதான் சரி. பஸ்ஸில் போகிறவர் திறந்ததை வாங்கவே கூடாது. எஞ்சின் சத்தத்தை வெல்லச் சத்தத்தைக் கூட்டுவார், காது கெடும். வளர்ந்தவர் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, பிள்ளைகளுக்கு 75 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ரெயில் பாதை ஓரம் நடக்கும் பிள்ளைகள் எந்த ஹெட்போனும் போட வேண்டாம்.

சோனி வோக்மன் 1979 ஜூலையில் வந்தபோது அதில் இரண்டு ஹெட்போன் செருகும் துளைகள் இருந்தன. தனியே கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா நினைத்தார். இருவர் கேட்டுக்கொண்டே பேசுவதற்கு ஒரு செம்மஞ்சள் பொத்தானும் வைத்தார்கள். ஆனால் மக்கள் தனியே கேட்கவே விரும்பினார்கள். அடுத்து வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் போய்விட்டது.

நமது ஊரில் கேட்பது வேறு மாதிரி இருந்தது. யுத்த கால இரவுகளில் பெரியவர்கள் பிபிசி தமிழோசையை மிகக் குறைந்த சத்தத்தில் வைத்து, பெட்டியைச் சுற்றி இருந்து கேட்டதை நான் சிறு பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். வெளியே நாய் குரைத்தால் ஒரு கை உடனே வானொலியை அணைக்கும். ஒரு காது செய்தியில், ஒரு காது வேலிக்கு வெளியே. துடுப்பு பிடித்தவர்கள் ஆசைக்குத் திறந்து வைத்த காதை, நாங்கள் பயத்துக்குத் திறந்து வைத்திருந்தோம்.

அதே காலத்தில்தான் எனது வாப்பா சஊதியில் இருந்தார். கடிதம் எழுதச் சோம்பல், கெசட்டில் பேசி அனுப்புவார். அது வந்தால் வீடு நிறைந்துவிடும். மாமி, சாச்சி, பக்கத்து வீட்டார் எல்லாரும் வந்து கேட்பார்கள். சுனாமியும் வெள்ளமும் பல சாமான்களைக் கொண்டுபோயின. ஒரு கெசட் மட்டும் அலுமாரியில் தப்பியது. வாப்பா மௌத்தாகி ஆறு வருடம்.

இரண்டு கிழமைக்கு முன் அந்தக் கெசட்டைக் கணினியில் ஏற்றினேன். நாடா ஓரங்களில் பூஞ்சணம் பிடித்திருந்தது. திறந்த ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். சிறு வயதில் வானொலிப் பெட்டியில் கேட்காத சத்தங்கள் கேட்டன. வாப்பாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு ஏசி ஓடுகிறது. யாரோ இருமுகிறார். எனக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, பேசாமல் சில விநாடி இருக்கிறார். அந்த இடைவெளியில் தூரத்தில் ஒரு பாங்கு. வாப்பா எத்தனை பேரோடு எப்படிப்பட்ட அறையில் இருந்தார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுப்படியில் இருந்து உம்மா வந்து நின்றா. "மகன், வாப்பாட சத்தமா அது?" என்று கேட்டா. ஹெட்போனில் இருந்து கசிந்த சத்தம் அவவுக்குக் கேட்டிருக்கிறது. மூடிய ஹெட்போன் போட்டிருந்தால் நான் மட்டும் கேட்டு முடித்திருப்பேன். ஹெட்போனைக் கழற்றி, இருவரும் கேட்கும்படி போட்டேன்.

உறவுகளே, ஓட்டமாவடி, வாழைச்சேனை, மீராவோடை, பிறைந்துறைச்சேனை, மாவடிச்சேனை வீடுகளில் இப்படிக் கெசட்டுகள் இன்னும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பேசியது, கலியாண வீட்டுக் கவி, பக்கீர் பைத், மூத்தம்மாவின் தாலாட்டு. நமது கடலோரக் காற்றிலும் ஈரத்திலும் அந்த நாடா அதிக நாள் நிற்காது. எறிய வேண்டாம். கணினியில் ஏற்றித் தருகிறேன், பணம் வேண்டாம். பின்னேரங்களில் நான் வீட்டில்தான். கொண்டு வருகிறவர்கள், அந்தக் குரலை அறிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.