கல்லுக்குள் அடங்காத கோயில்: திருமலையிலிருந்து ஒரு வரலாற்று வாசிப்பு

திருகோணமலையில் ஒருவர் "கோயிலுக்குப் போறன்" எண்டு சொன்னால், சைவக் கோயிலா வேதக் கோயிலா எண்டு திருப்பிக் கேட்க வேண்டி வரும். இங்கே கத்தோலிக்கரும் தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவர்கள் பலர் 'சபை' என்பார்கள். கோயில் என்றால் இடம். சபை என்றால் கூடியிருக்கிற ஆட்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருக்கிற 'எக்ளேசியா' என்ற சொல்லுக்கும் கூட்டம் என்பதுதான் பொருள். அப்படியானால் கடவுள் எங்கே குடியிருக்கிறார்? கட்டடத்திலா, சனத்திலா? இந்தத் துறைமுகத்தின் வரலாற்றை வைத்து அதை யோசித்துப் பார்ப்போம்.

முதலில் வேதாகமம். கொரிந்து நகரத்து விசுவாசிகளுக்குப் பவுல் எழுதும்போது, கடவுளின் ஆலயம் நீங்கள்தான், அவருடைய ஆவி உங்களுக்குள் வாழ்கிறது என்கிறார். அவர் எழுதிய காலத்தில் எருசலேம் தேவாலயம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உரோமர் அதை இடித்தது கி.பி. 70இல். ஆலயம் இல்லாத குறைக்குச் சொன்ன ஆறுதல் இல்லை இது. இன்னொன்று, அந்த 'நீங்கள்' பன்மை. மரியாதைப் பன்மையும் இல்லை, பலரைச் சேர்த்துச் சொல்கிற பன்மை. தனி ஒருவரின் நெஞ்சை மட்டுமல்ல, ஒருவரோடொருவர் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தையே அவர் ஆலயம் என்கிறார். அந்தக் கூட்டம் கூடியது வீடுகளில். சிரியாவில் துரா யூரோப்பொஸ் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த 3ஆம் நூற்றாண்டுச் சபைக் கட்டடமும் ஒரு வீட்டை மாற்றி அமைத்ததுதான்.

இதே நிருபங்களைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் போர்த்துக்கேயர். 1620களில் அவர்கள் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு நாம் பிரெட்ரிக் கோட்டை என்று சொல்வது அந்த இடத்தைத்தான். கடவுள் கட்டடத்துக்குள் அடங்கமாட்டார் எண்டு படித்தவர்கள், மற்றவரின் கடவுள் மட்டும் கட்டடத்தோடு போய்விடுவார் எண்டு நம்பினார்கள்போல.

பிறகு சக்கரம் சுழன்றது. 1639இல் திருமலைக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. 1658இல் யாழ்ப்பாணமும் போனது. இப்போது அடி கத்தோலிக்கருக்கு. குருமார் நாடுகடத்தப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று ஆணை வந்தது. வடக்கில் இருந்த கத்தோலிக்கக் கோயில்கள் ஒல்லாந்தரின் சபைகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. விவாகமும் பிள்ளையின் பெயரும் ஒல்லாந்தர் சபைப் பதிவில் ஏறினால்தான் சொத்தும் பதவியும். சனம் வெளியே பதிவுக்குத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குள் செபமாலை சொன்னது. கோயிலும் இல்லை, குருவும் இல்லை, பூசையும் இல்லை. ஒன்றிரண்டு வருசமில்லை, ஏறக்குறைய முப்பது வருசம்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கினார். கத்தோலிக்கர் யார் எண்டு கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கோபுரமும் உதவவில்லை. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது எண்டு கவனித்தார். பிறகு சில்லாலையில் தங்கி, இரவில் வீடுகளில் பூசை வைத்தார். 1711இல் கண்டியில் அவர் இறந்தபோது, அழிந்துவிட்டது என்று ஒல்லாந்தர் நினைத்த திருச்சபை உயிரோடிருந்தது. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமானது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் புகழும்போது நாம் சொல்ல மறக்கிற ஒன்று இருக்கிறது: அவர் வந்து விளக்கை ஏற்றவில்லை. முப்பது வருசம் அணையாமல் வைத்திருந்தது பெயர் தெரியாத சனம், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம். பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிறது அவர்கள்தானே.

சைவர்களின் கதையும் இதுக்குத் தூரமில்லை. கோணேசர் கோயில் இல்லாத காலத்திலும் சனம் அந்தப் பாறைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கும்பிட்டது. 1950இல் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் உட்பட பழைய திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பெரியபுராணத்துப் பூசலார் காசில்லாமல் மனசுக்குள் கோயில் கட்டினார். அரசன் கட்டிய கற்றளியை விட்டுச் சிவன் அங்கேதான் முதலில் போனார். உள்ளமே கோயில் என்பது தமிழுக்குப் பழக்கமான நினைப்புத்தான்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "கடவுள் உள்ளத்தில் இருக்கிறார்" என்பதை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோயிலை இழந்தவர் சொன்னால் அது விசுவாசம். கோயிலைப் பறித்தவர், "உன் கடவுள் உள்ளத்தில்தானே, பிறகு ஏன் காணி கேட்கிறாய்?" என்றால் அது களவு. 2005 மே மாதம் திருமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டு, ஊரே கடையடைத்த நாட்கள் எங்கள் தலைமுறைக்கும் தெரியும். இடம் பிடிக்கிறதும் அடையாளம் நடுறதும் இந்த ஊரில் எப்பவும் அதிகாரத்தின் மொழி.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2008இல் மத விவகார அமைச்சு, புதிய வழிபாட்டிடங்கள் கட்ட அனுமதி வேண்டும் என்று சுற்றுநிருபம் விட்டது. அதைக் காட்டி, வீடுகளில் செபத்துக்குக் கூடுகிற சிறு சபைகளையும் பதிவு எங்கே எண்டு பொலிசார் கேட்டிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையோ, தனியாகவும் கூட்டாகவும், பகிரங்கமாகவும் அந்தரங்கமாகவும் வழிபடும் உரிமையைத் தருகிறது. ஆட்கள்தான் ஆலயம் என்று நம்புகிறவர்களிடம் கட்டடப் பத்திரம் கேட்டால் எதைக் காட்டுவது?

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். கட்டடம் சிதைந்தது. மிஞ்சியவர்கள் வேறிடத்தில் கூடினார்கள். பவுலின் அந்தப் பன்மைக்கு இதைவிட விளக்கம் எங்களிடம் இல்லை. அங்கே சிதைந்த சுவரை மறுபடி கட்டலாம், இறந்த பிள்ளைகளைத் திருப்பித் தர ஏலாது. ஆலயம் மனிதர்தான் என்றால், மனிதரைக் கொல்வதுதான் ஆலய இடிப்பு.

அதனால் எங்களுக்குப் படுவது இதுதான். விசுவாசிகள் கடவுளின் வீடு என்றால், அந்த வீட்டுக்காரர் பக்கத்து மதத்தவரின் கல்லையும் காக்கக் கடமைப்பட்டவர்கள். போர்த்துக்கேயர் பறித்ததற்குத் திருமலைக் கிறிஸ்தவர்கள் பொறுப்பாளிகள் இல்லை. ஆனால் கோட்டைச் சுவரில் இருக்கிற கல் எங்கிருந்து வந்தது எண்டு ஞாயிறு மறைக்கல்வியில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதை எங்கிருந்து தொடங்கலாம், உங்கள் பங்கில் யாராவது ஏற்கெனவே செய்கிறார்களா? எழுதுங்கள், பேசுவோம்.